லியூசின் இருந்த இடத்தில்

ஜனவரியில் ஓலோமோவ்ட்ஸ் ஆய்வகத்துக்குத்
தபாலில் தயிர்க் கிண்ணங்கள் வரும்.
தயிர் இருக்காது.
தேன்பெட்டியின் அடியில் கூட்டியள்ளிய
குளிர்காலக் குப்பை:
மெழுகுத் துகள், முறிந்த கால்கள், பாதிச் சிறகு.
எண்ணெய் ஊற்றினால்
உண்ணிகள் மட்டும் மேலே வரும்
செம்பழுப்பாய், தட்டையாய்,
குட்டி நண்டின் ஓடுபோல.
எண்ணுவது என் வேலை.

லிபோவா கிராமத்து யாரோமிர் க்ளிமெஷ்
கிண்ணத்தோடு ஒரு சீட்டும் வைத்திருந்தார்:
"ஆகஸ்டில் மருந்துப் பட்டை தொங்கவிட்டேன்.
ஒரு நாளும் தவறவில்லை.
சங்கத்தில் ஒருவரும் நம்பவில்லை."

நாற்பத்தொன்று.
அவருடைய அண்டைவீட்டார் கிண்ணங்களில்
இரண்டு, பூஜ்யம், மூன்று.
படிவத்தில் 'மருந்திட்டாரா?' என்ற கட்டத்தில்
தலைவர் ஸ்டானெக்கின் சாய்ந்த கையெழுத்து:
சந்தேகம்.

எட்டு உண்ணிகளை நசுக்கி
மரபணுவை வாசித்தேன்.
நான்கே எழுத்தில் எழுதிய நெடுவாக்கியம்;
நரம்பின் சுவரில்
ஒரு கதவு செய்யச் சொல்கிறது.
திறந்தால் துடிப்பு. மூடினால் ஓய்வு.
மருந்து கொல்வதெல்லாம்
கதவிடுக்கில் கால் நுழைத்து நின்றுதான்;
மூட விடாது.
துடித்துத் துடித்தே உண்ணி உதிரும்.

தொள்ளாயிரத்து இருபத்தைந்தாம் இடம்.
லியூசின் இருக்க வேண்டும்.
வாலின் இருக்கிறது.
சி இருந்த இடத்தில் ஒரு ஜி,
அவ்வளவுதான்.
'அலை'யில் லகரம் வகரமானால் 'அவை'.
கால் வைக்க இடமில்லை மருந்துக்கு.
கதவு சாத்திக்கொள்கிறது.

யாரும் திருத்தி எழுதவில்லை.
மெழுகு மூடிய அறையில், உறங்கும் கூட்டுப்புழுவின் மேல்,
தாய் இடும் முதல் முட்டை மகன்,
மற்றவை மகள்கள்.
வெளிச்சம் வருமுன்
அவர்களுக்குள்ளேயே மணம் முடிந்துவிடும்.
வெளியாள் வராத வீட்டில்
ஒரு பிழை
சீக்கிரமே குடும்பப் பெயராகிவிடுகிறது.

எட்டிலும் அதே ஜி.

படிவத்தில் எண்ணுக்கு மட்டுமே இடம்.
தாளைத் திருப்பி எழுதினேன்:
"திரு. க்ளிமெஷ்,
நீங்கள் பட்டை தொங்கவிட்டது உண்மை.
எட்டு உண்ணிகள் சாட்சி.
இனி அந்த மருந்து வேண்டாம்.
ஃபார்மிக் அமிலம் வாங்குங்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.
ஸ்டானெக்குக்கும் ஒரு நகல் அனுப்புகிறேன்.
- த்ரஹோமீரா"

மாலையில் அவர் கிண்ணத்தைக் கழுவினேன்.
வெளியே ஸ்ட்ராபெரிப் படம்.
உள்ளே, அடி விளிம்பில்
ஒட்டிக்கொண்டிருந்தது இன்னொன்று.

கையைத் துடைத்துக்கொண்டு
உறையைப் பிரித்தேன்.
நாற்பத்தொன்றை அடித்து
நாற்பத்திரண்டு.