பத்து சதவீதம்

டோவிலேயில் பத்து சதவீதம் என்னுடையது.
இடது கை என்று வைத்துக்கொள்ளலாம்,
சீட்டின் ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்க்கும் கை.
இருபது, வில்னியஸில் பல் பிடுங்கும் அவள் தம்பிக்கு.
மிச்சத்தில் பாதிக்குமேல்
முகம் பார்த்திராத ஒரு மால்டாக்காரனுக்கு:
மூன்று வருடத் தோல்விக் கடன்.

ரோஸ்வாடோவில் பனி.
நான் முதல் நாளே வெளியேறிவிட்டேன்,
இரண்டு ராஜாவோடு. அதைப் பேச வேண்டாம்.

மூன்றாம் நாள், இரவு இரண்டரை.
எதிரே இருந்தவன் எல்லாவற்றையும் நடுவே தள்ளினான்.
நான்கு நிமிடம் அவள் அசையவில்லை,
கழுத்து நரம்புகூட.
கையில் வெறும் இரண்டு ஒன்பது.
"சரி" என்றாள்,
ரொட்டிக் கடையில்
பை வேண்டுமா என்று கேட்டதைப் போல.

கோப்பை. படம். தலையில் காகிதத் துகள்.
செய்தியில் ஆறு இலக்கம் போட்டார்கள்.

காலையில், பெட்ரோல் பங்கில்,
காபி பில்லின் பின்புறம் கணக்கு.
மால்டாவைக் கழித்தாள், தம்பியை, என்னை.
மிஞ்சியது
பிராகாவில் அடுத்த நுழைவுக் கட்டணம்,
நான்கு குளிர்கால டயர்.

கோப்பை பெட்டியில் அடங்கவில்லை.
முன் சீட்டில் வைத்தாள், நான் பின்னால்.
ஆள் இருப்பதாக நினைத்துக்
கார் கத்திக்கொண்டே இருந்தது.
எல்லை தாண்டும் முன் நிறுத்தி
அதற்கு பெல்ட் போட்டுவிட்டாள்.