சாம்பல் அட்டை

முதல் சம்பளம் அடையாள அட்டைப் படங்களுக்கு.
தலைக்கு நாலு ரூபாய்.
வண்ணார்பேட்டை ஸ்டுடியோவில்
நீலத் திரைக்கு முன் ஒரே நாளில் இருநூறு பிள்ளைகள்.
"கண்ண முழி, கண்ண முழி" என்று தொண்டை கட்டிப்போனது.
ஒருத்தி மட்டும் வேண்டுமென்றே மூடினாள்.
அந்த நெகட்டிவ் இன்னும் என்னிடம்.

பிறகு, மேலப்பாளையத்தில் ஒரு வெள்ளைச் சுவர்.
பதினோரு வருடம் அதைத்தான் எடுத்தேன்.
சித்திரையில் பத்தரை மணிக்கு
மின்கம்பி நிழல் குறுக்கே விழும்
பதினொன்றுக்குள் வழிந்து
சாக்கடைக்குள் இறங்கிவிடும்.
வீட்டுக்காரர் செய்யது மசூது
மூன்றாம் வருடம்தான் வெளியே வந்தார்:
"ஏம்மா, கார்ப்பரேசனா? வரி கூட்டப் போறியளா?"
இல்லை, கலை என்றேன்.
"செவத்துலயா?"
உள்ளே போய் நாற்காலி எடுத்து வந்து போட்டார்,
எனக்கல்ல, அவருக்கு.

சென்னைக் கண்காட்சியில் ஒருவர்
மொராக்கோவா என்று கேட்டு வாங்கிப் போனார்.
அந்தப் பணத்தில்
போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டினேன்.

பாளையங்கோட்டைக் கல்லூரியில் செவ்வாய்தோறும்
முப்பத்திரண்டு பேருக்கு
சாம்பல் அட்டையைத் தூக்கிக் காட்டுவேன்:
உலகமே இந்த நிறம் என்று கேமரா நம்புகிறது.
நீங்கள் நம்ப வேண்டாம்.
ஆற்று மணலுக்கு ஒன்றரை ஸ்டாப் கூட்டு.
எருமைக்குக் குறை.

பேச்சிராஜன் எழுந்தான்.
"வயலெட் மேடம்,
எங்க அம்மை நல்ல கறுப்பு.
எந்தக் கல்யாண ஆல்பத்துலயும் அவ இல்ல.
வெள்ளையடிச்சு வச்சிருக்கான்."
வகுப்பு சிரித்தது. அவனும்.

இருபத்தாறு வருடப் பாடக்குறிப்பில்
இதற்குப் பக்கம் இல்லை.
தூரிகை நுனியில் சிவப்பு மை தொட்டு
அந்த இருநூறு முகங்களையும்
நெகட்டிவிலேயே வெளுக்க வைத்தது நான்தான்.
கண்ணை மூடியவளை மட்டும் தொடவில்லை.
அவள் படம் செல்லாது என்று முதலாளி ஒதுக்கிவிட்டார்.

சனிக்கிழமை மேலப்பாளையம் போனேன்.
சுவருக்குப் பிஸ்தாப் பச்சை அடித்திருந்தார்கள்.
"பேரன் வேலை. ஒங்க படம் கெட்டுச்சோ?"
நாற்காலியில் மசூது.
பதினோரு வருடத்தில் ஒரு முறைகூட
அந்த நாற்காலியை ஃப்ரேமுக்குள் விட்டதில்லை,
கால் நிழல் விழுந்தாலே
தள்ளிப் போடச் சொல்லியிருக்கிறேன்.

அட்டையை அவரிடம் நீட்டினேன்.
"இத எங்க பிடிக்க?"
கன்னத்துப் பக்கத்தில் என்றேன்.
"எது மேல், எது கீழ்?" என்று
நாலைந்து தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
அதற்கு மேல் கீழ் கிடையாது.
சொல்லவில்லை.
மணி பத்து நாற்பது.