மூன்று வெற்றுப் பக்கங்கள்

எழுபத்தேழு பக்கம் என்றேன்.
நிரஞ்சலா கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
"பதினாறு பதினாறாத்தான் மடிப்பு வரும், அண்ணை.
எண்பது. இல்லையெண்டா அறுபத்துநாலு.
மூண்டு பக்கம் எழுதுங்கோ,
இல்லாட்டிப் பதின்மூண்டைக் கிழியுங்கோ."
கஸ்தூரியார் வீதியில், தையல் மெஷின் கடையின் மேல்மாடியில்,
புத்தகம் எதனால் ஆனது என்று
முதலில் எனக்குச் சொன்னவள் அவள்.
மடிப்பால்.

நான் மின்மானி வாசிப்பவன்.
பதினெட்டு வருடம். கொக்குவில், தாவடி, இணுவில்.
எழுதியது நாய்களைப் பற்றி:
எது குரைக்கும், எது குரைக்காமல் வரும்,
எந்த வீட்டில் நாய் மட்டும் மிச்சம் என்று.
பில் துண்டுகளின் பின்புறத்தில் கிறுக்கியதைப்
பிறகு போனில் அடித்து வைத்தேன்.
கவிதை என்று நானாக ஒருநாளும் சொன்னதில்லை.

பதின்மூன்று இலக்கம் கேட்டுக்
கொழும்புக்கு அனுப்பும் படிவத்தில்தான் சொன்னேன்.
'கவிதை' என்ற பெட்டியில் புள்ளடி போடக்
கை கூசியது,
பிறத்தியார் படலையை முதல்தரம் திறக்கும்போதுபோல.
இலக்கம் வந்தது. பழக்கதோஷம்,
போன மாத வாசிப்பைத் தேடினேன், கழித்துப் பார்க்க.

அச்சு எழுத்துருவுக்கு மாற்றியபோது
கொம்புகள் முன்னால் ஓடின, அரவுகள் பின்தங்கின.
'வாசல்' வரி முழுக்கச் சிதறிக் கிடந்தது.
மெய்ப்புப் பார்க்கக் கலைமதி உட்கார்ந்தாள்.
என் மனைவி, கணக்கு ரீச்சர்;
விடை சரியானாலும் செய்முறைக்குப் புள்ளி கழிப்பவள்.
"நாய்க்குட்டிக்கு ஒற்று வரும்,
நாய் குரைச்சதுக்கு வராது" என்றாள்.
நாற்பதாம் பக்க ஓரத்தில் சிவப்பில் எழுதினாள்:
இந்த நாய்க்குச் சோகம் கூட.
நாலு வரி வெட்டினேன். பக்கம் குறையவில்லை, நல்லகாலம்.

அணிந்துரை யாரிடமும் கேட்கவில்லை.
எனக்குத் தெரிந்த பெரிய மனிதர்கள் எல்லாம்
நிலுவை உள்ளவர்கள்.

காகிதம் டொலரோடு ஏறும் என்றார் ஞானராசா முதலாளி.
ஐந்நூறு பிரதியை முந்நூறாக்கினோம்.
பாதி சீட்டுக்காசு, பாதி சம்பள முற்பணம்.

அந்த மூன்று பக்கம் மட்டும் வரவில்லை.
மூன்று இரவு விழித்திருந்தேன்.
பிறகு, ஒவ்வொரு மாதமும் நான் கோடு போட்டுவிட்டு வரும்
மூன்று பூட்டிய வீடுகளின் முகவரிகளைத்
தலைப்பாக இட்டு
கீழே ஒன்றும் எழுதாமல் விட்டேன்.

வெளியீட்டில் ஆறு வாழ்த்துரை. ஏற்புரைக்கு நாலு நிமிடம்.
முதற்பிரதி ஹாட்வெயர் கடைக்காரருக்கு,
என்வலப்பில் ஐயாயிரம்.
மூன்றாவது வாழ்த்துரையில் கரண்ட் போனது.
மண்டபம் முழுக்க என்னைத்தான் திரும்பிப் பார்த்தது.

விற்றது நூற்றுப் பதினொன்று.
கடையில் நூற்றுக்கு முப்பத்தைந்து கழிவு.
மிச்சம் கட்டிலுக்குக் கீழே; இரண்டு எப்போதும்
சைக்கிள் பையில்.

நேற்றுத் தாவடியில் ஒரு அம்மா படலையடியில் மறித்தார்.
"தம்பி, காசு குடுத்து வேண்டினது.
மூண்டு பக்கம் அடிபடேல்லை."
விளக்கம் சொல்ல வாயெடுத்து, விட்டு,
வேறு பிரதி கொடுத்தேன்.
நின்ற இடத்திலேயே புரட்டினார்.
"இதிலயும் இல்லை!"
"இல்லை அம்மா. அந்த வீடுகள் பூட்டு."

தலைப்பை வாசித்தார். இரண்டாவது முகவரியில்
விரல் நின்றது.
"இது பூமணியக்கான்ர வீடெல்லோ.
அவையிட்ட ஒரு நாய் நிண்டது, நீங்கள் வரமுன்னம்.
வெள்ளை. ஒரு காது மட்டும் கறுப்பு.
'லேடி' எண்டு கூப்பிடுவினம். ஆண் நாய்."

அவர் திருப்பித் தந்த பிரதியைச்
சைக்கிள் இருக்கையில் விரித்து
எழுதிக்கொண்டே கேட்டேன்,
கடிக்குமா என்று.
அதற்கு அவர் சொன்னது பெரிய கதை.
மூன்று வீடு தள்ளிப் போனபிறகுதான் நினைவு வந்தது,
அவருடைய மானியை வாசிக்கவில்லை.