மைனஸ் எண்பது

பிப்ரவரியில் அமைச்சர்
தண்ணீர்க் குவளையை எடுக்கும்போதே
எங்கள் மாடியில் தெரிந்துவிடும்.
நிதிப்பிரிவின் குளிர்சாதனத்தை
யாரோ இரண்டு டிகிரி ஏற்றிவிடுவார்கள்.

மறுநாள் மின்னஞ்சல்.
குறைப்பு என்ற சொல் அதில் இல்லை.
சீரமைப்பு மூன்று முறை,
நெகிழ்திறன் ஒருமுறை.
நூற்றுக்கு நான்கு, வெள்ளிக்கிழமைக்குள்.

சம்பளங்கள் எனக்கு மேலே இருப்பவர்கள் பாடு.
என் பங்குக்கு வந்தவை
தாள், பகுதிநேர வகுப்புகள், மின்சாரம்,
உயிரியல் துறை நான்காம் மாடியில்
மூன்று உறைபெட்டிகள்.
ஒவ்வொன்றும் ஒரு நாலறை வீடு தின்பதைத் தின்னும்.
"மூன்று எதற்கு?" என்று நான் கேட்டது
எழுத்தில் இருக்கிறது, தேதியோடு.

முனைவர் கோ சுவீ லியன் வாதாடவில்லை.
தடித்த நீலக் கையுறை ஒன்றை நீட்டினார்.
"தொகையைப் பார்த்துவிட்டீர்கள், இன்பவல்லி.
பொருளையும் பாருங்களேன்."

உள்ளே சேறு.
பெருவிரல் தடிமனில் குழாய்கள்,
பனி பூத்த மூடிகள்,
பென்சிலில் எழுதிய தேதிகள்.
மூன்றாம் பெட்டி முழுக்க ஒரே முகத்துவாரம்.
கண்டல் வேரடியில், ஓதம் வற்றும் நேரம் பார்த்து,
ஏழு வருடம் அள்ளியது.

அந்த ஆறு இப்போது கான்கிரீட் கால்வாய்.
கரையில் புளோக்குகள், ஒரு பாலர்பள்ளி.
பெயரைப் பேருந்து நிறுத்தம் வைத்திருக்கிறது.
"மிச்சம் இதுதான்" என்றார் ஆய்வகத்து ஹஃபிஸ்,
பெட்டியின் கதவைக்
குழந்தை தூங்கும் அறைபோலச் சாத்தியபடி.

"இதில் என்ன இருக்கிறது?"
"இன்னும் தெரியாது.
பணம் வந்ததும் பார்க்கலாமென்று வைத்தோம்."

என் அட்டவணையில்
இன்னும் தெரியாது என்பதற்குக் கட்டம் இல்லை.
பயன் என்று ஒன்று உண்டு. காலியாக விட்டேன்.
காரணம் என்று ஒன்று, இருபது எழுத்துக்குள்.
இடமில்லை என்று தட்டினேன்.
இந்தத் தீவில்
அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

அதே கோப்பின் அடுத்த தாளில் வரவு.
கட்டண உயர்வு. அதையும் தட்டியது இந்த விரல்தான்.
ஆகஸ்ட்டில் செழியன் இங்கேயே சேருகிறான்.
என் சேமநிதியிலிருந்து அந்த எண் கிளம்பி வரும்,
நானே கேட்டு, நானே கட்டி,
நானே வரவு வைப்பேன்.
அவனிடம் சொன்னபோது சிரித்தான்.
"அப்ப எனக்கு ஏதாவது தள்ளுபடி உண்டா?"

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளந்தேன்.
ஆயிரத்து நாற்பது குழாய், தலைக்கு ஐம்பது மில்லி.
ஓர் ஆறு,
ஐம்பத்திரண்டு லிட்டர்.
போடுவதற்குத்தான் ஆறு இல்லை.

மார்ச் கடைசியில் செருகியைப் பிடுங்கினார்கள்.
சில குழாய்கள் இரவிலேயே வெடித்திருக்க வேண்டும்.
காலையில் மின்தூக்கி திறந்ததும்
நான்காம் மாடி முழுக்க ஓத வாடை,
உப்பும் கந்தகமும் அழுகிய இலையுமாய்,
தாழ்வாரம் எங்கும் கடல் பின்வாங்கிக்கொண்டிருந்தது.
துடைப்பத்தோடு நின்ற மேடம் டான்
கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு
குழாய் உடைந்திருக்கிறதென்று புகார் கொடுத்துவிட்டார்.

இருவர் ஏணியோடு வந்தார்கள்.
பலகைகளைக் கழற்றி, டார்ச் அடித்து,
மறுபடி மாட்டி,
கோப்பி குடிக்கப் போனார்கள்.

அந்தப் பில் நேற்று என் மேசைக்கு வந்தது.
நூற்றெண்பது வெள்ளி.
கசிவு எதுவும் காணப்படவில்லை.

ஒப்புதல் என்ற இடத்தில்
கையெழுத்துப் போட்டேன்.