முந்நூற்று நாற்பது டாலர்

கவுன்ட்டி நூலகத்தில்
செவ்வாய், வியாழன், ஒன்றிலிருந்து ஐந்து வரை
காப்பீட்டுப் படிவம் நிரப்பித் தருகிறவன் நான்.
வரைபட அலமாரிக்கும்
கழிப்பறைச் சாவி தொங்கும் ஆணிக்கும் நடுவே
என் மேசை.

வெர்னெல் டோலிவர் உட்கார்ந்ததும்
ப்ளீச் வாசனையும் உட்கார்ந்தது.
காலையில் மோட்டலில் பதினோரு அறை,
சாயங்காலம் இரண்டு தேவாலயம்,
சனிக்கிழமை ஒரு பல் டாக்டரின் தரை.
வலது விலாவுக்குக் கீழே கையை அழுத்தியபடியே பேசினாள்,
யாரோ பறிக்க வரும் பர்ஸைப் போல.
பித்தப்பையில் கல்.
எண்ணெய் பட்டது எதுவும் ஆகாதாம்.
அலபாமாவில் எண்ணெய் படாதது எது
என்று என்னையே கேட்டாள்.

அடுத்த வருட வருமானம் எவ்வளவு இருக்கும்?
கூட்டித் தட்டினேன்.
எனக்குப் பழகிப்போன அந்தப் பக்கம் வந்தது.

இதை எப்படிச் சொல்வதென்று
ஒன்பது வருடமாகியும் பிடிபடவில்லை எனக்கு.
வறுமைக் கோட்டுக்கு மேலே நின்றால் சலுகை உண்டு.
நீங்கள் கீழே நிற்கிறீர்கள்.
கீழே நிற்பவர்களுக்கு வேறொரு வாசல் இருந்திருக்க வேண்டும்.
பத்தில் ஒன்பது பங்கு நான் தருகிறேன் என்கிறது வாஷிங்டன்,
வேண்டாம் என்கிறது மான்ட்கோமரி.
சாமி வரம் கொடுத்த கதைதான்.

"அப்படியென்றால், உதவி வாங்குகிற அளவுக்கு
எனக்கு வசதி போதாது."
ஆமாம்.
"எவ்வளவு குறைகிறது?"
முந்நூற்று நாற்பது டாலர்.

அவள் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன்,
மன்னிப்புக் கேட்க வேறு வழி தெரியாதவன்
சிரிப்பதுபோல.

ஒரே ஒரு இலக்கத்தில் விரல் தவறலாம்.
விரல் அங்கே கொஞ்ச நேரம் இருக்கவும் செய்தது.
படிவத்தின் அடியில் ஒரு வாக்கியம்:
சொன்னதெல்லாம் உண்மை, பொய்யானால் தண்டனைக்கு உட்படுவேன்.
அதை வாசித்துக் காட்டுவதும் என் வேலை.
வாசித்துக் காட்டினேன்.

நவம்பரில் குழு கூடியது.
இரண்டரை மணி நேரப் பயணம், என் காரில்.
மைக்குக்குப் பக்கத்தில் மூன்று விளக்கு,
ஆளுக்கு இரண்டு நிமிடம்.
நிபுணர் ஒருவர் பத்தாண்டுச் செலவை
நீலக் கம்பங்களாக நட்டு வைத்திருந்தார்.
மருத்துவமனைச் சங்கத்துக்காரர்
மூடிய பிரசவ வார்டுகளை ஊர் ஊராகச் சொன்னார்.
"நாளைக்கு வாஷிங்டன் கையை விரித்தால்
பில் யார் தலையில்?" என்றார் ஓர் உறுப்பினர்.
நியாயமான கேள்வி.
தூக்கம் வராதபோது நானும் கேட்டுக்கொண்டதுண்டு.
"உழைக்கிறவருக்கு வழி தானாகத் திறக்கும்,"
இது இன்னொருவர்.

வெர்னெல் எழுந்தாள்.
நான் தட்டச்சு செய்து கொடுத்த தாள்
மடித்தது மடித்தபடியே கையில்.
கல்லைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"அடுத்த வருடம் எனக்கு இன்னும்
முந்நூற்று நாற்பது டாலருக்கு வேலை வேண்டும்.
அடுப்பு, ஜன்னல், நாய்க்கூண்டு, எதையும் தேய்ப்பேன்.
நீங்கள் பதிமூன்று பேர் இருக்கிறீர்கள்.
தலைக்கு இருபத்தாறு டாலரும் சில்லறையும்.
சில்லறையை மட்டும் விட்டுத்தர முடியாது,
விட்டால் மறுபடி கோட்டுக்குக் கீழே போய்விடுவேன்.
யார் வீட்டிலிருந்து தொடங்கட்டும்?"

விளக்கு இன்னும் பச்சை.
அவள் உட்காரவில்லை.
கேள்வி கேட்டவள் பதிலுக்கு நிற்பதுபோல நின்றாள்.
மஞ்சள்.
யாரோ தண்ணீர்ப் பாட்டிலைத் திருகித் திறந்தார்கள்.
சிவப்பு.

மேலும் ஆராய்வதென்று முடிவாயிற்று.
திரும்பும் வழியில் ஒரு பெட்ரோல் பங்கில்
காரை நிறுத்தச் சொல்லிக்
கதவைப் பிடித்துக் குனிந்து நின்றாள், வெகுநேரம்.

ஜனவரியில் நடவடிக்கைக் குறிப்பு தபாலில் வந்தது.
எண்பத்தேழாம் பக்கத்தில் அவள் கேள்வி,
சென்ட் பிசகாமல்.
அடுத்த வரியில், அடைப்புக்குறிக்குள்: சிரிப்பு.
அதற்கடுத்து, தலைவர்: நன்றி. அடுத்தவர்.

உறுப்பினர்களில் யாரும் சிரிக்கவில்லை.
நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
சிரித்தது பின்வரிசையில் ஒருவன்தான்,
மன்னிப்புக் கேட்க வேறு வழி தெரியாதவன்.