முப்பத்தொன்றாம் வரிசை, ஜன்னலோரம்

சாவ் பாவ்லோவிலிருந்து வந்த விமானம்
பதினான்கு மணிநேரத்து மூச்சை
இன்னும் வெளியே விட்டு முடிக்கவில்லை.
எங்களுக்குத் தந்தது இருபத்தெட்டு நிமிடம்.
போர்வைகள் கிசனுக்கு. இருக்கைப் பைகள் எனக்கு.
பைகளில் கிடைப்பவை:
ஆரஞ்சுத் தோல், ஒற்றைக் காலுறை,
பாதியில் விட்ட குறுக்கெழுத்து,
ஒருமுறை ஒரு பல்செட்.
பல்செட்டுக்குப் படிவம் உண்டு, மூன்று கையெழுத்து.
காகிதத்துக்குப் படிவம் கிடையாது.
காகிதம் குப்பை.

அன்றைய குப்பை ஒன்று
எட்டாக மடிந்திருந்தது.
சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

முகைஸ்னாவில், மேல்கட்டிலில்,
போன் வெளிச்சத்தில் விரித்தேன்.
ஒரு மாநகரம் என் தலையணை உறை அளவுதான்.
நீலப் பேனாவால் யாரோ வட்டமிட்டிருந்தார்:
அலைபோல் நெளியும் ஓர் அடுக்குமாடி,
சிவப்பு விளக்கு தொங்கும் ஜப்பானியத் தெரு,
சந்தை — பக்கத்தில் கையாலேயே ஒரு ரொட்டி வரைந்து
ரொட்டியைவிடத் தடியாக உள்ளே இறைச்சி.
பிறகு அந்த அருங்காட்சியகம்.
சிவப்புத் தூண்கள் கட்டடத்தை மேலே தூக்கிவிட்டன.
கீழே ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லாத இடத்தில்
கால்நீட்டி உட்கார்ந்திருக்கும் மனிதர்கள், எறும்பளவில்.
அதற்கு மட்டும் மூன்று வட்டம்,
இரண்டு சொல், அடிக்கோடு.
தெரியாத மொழியில் அடிக்கோடு போட்டிருந்தால்
ஆஹா என்றுதானே அர்த்தம்.

வியாழன் எனக்கு லீவு.
யூனியன் மெட்ரோவில் இறங்கி
அவர்களுடைய பெரிய அவென்யூவைத் தூக்கி
பனியாஸ் சாலையின் மேல் வைத்தேன்.
ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வண்டி விடமாட்டார்களாம்,
தார் முழுக்க ஜனம் நடக்குமாம், நாய்களோடு.
போன் சொன்னது.
இங்கே பச்சை மனிதன் ஒளிர்ந்த பதினெட்டு விநாடி
நானும் சாலை நடுவில் நடந்தேன்.
நெளியும் கட்டடம் எளிதாகவே கிடைத்தது:
க்ரீக் தண்ணீரையும் படகுகளையும்
கண்ணாடியில் ஏற்றிக்கொண்டு வளைந்த வங்கி.
ஜப்பானியத் தெரு இருந்த இடத்தில்
பிலிப்பைன்ஸ் சலூன் மூன்று.
சந்தைக்கு மசாலா சூக்.
கருத்த எலுமிச்சை, ரோஜா மொட்டு,
"வாங்க அண்ணாச்சி" என்று கூப்பிட்ட ஈரான்காரர்.
ரொட்டிக்குப் பதில்
முட்டை சுருட்டிய பரோட்டா, கடக் சாயா.
மூன்று திர்ஹத்துக்கு ஊர் சுற்றிப் பார்க்க
வேறு யாராலும் முடியாது.

அளந்து அளந்து வைத்தும்
அருங்காட்சியகம் மட்டும் தண்ணீரில் விழுந்தது.
அப்ராவில் ஏறினேன். ஒரு திர்ஹம்.
நடு க்ரீக்கில் நிமிர்ந்து பார்த்தேன்.
கட்டடம் அங்கேதான் இருந்திருக்க வேண்டும்,
கடற்காக்கைகளுக்குக் கொஞ்சம் மேலே.
அதன் நிழலில்,
ஒன்றுமில்லாத இடத்தில்,
முதுகோடு முதுகாக உட்கார்ந்திருந்தோம்:
பொட்டலக்காரர் இருவர், தூங்கும் செக்யூரிட்டி,
ஒரு குழந்தை, நான்.
யாரும் டிக்கெட் கேட்கவில்லை.
படகுக்காரர் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பாஸ்கலிடம் காட்டினேன்.
லக்கேஜ் ஏற்றும் கோவாக்காரர்.
போர்ச்சுக்கீசு அவர் வீட்டில் சண்டைக்கான மொழி,
அதனால் வசவும் கிழமையும் மட்டும் தெரியும்.
"இரண்டாவது, மூடல்," என்றார்.
இரண்டாவது என்றால் அவர்களுக்குத் திங்கள்.
திங்கட்கிழமை மூடியிருக்கும்.
அவ்வளவுதான்.

அப்படியானால்
மூன்று வட்டம் போட்டவரும் பார்க்கவில்லை.
அந்த வாசல்வரை போய்,
தூணைத் தொட்டுவிட்டு,
கீழே கொஞ்சநேரம் உட்கார்ந்திருப்பார்.
வேறென்ன செய்வது.
அவர்மேல் திடீரென்று
ஒரு பாசம் வந்தது, ரூம்மேட் மேல் வருவதுபோல.

ஜப்பானியத் தெருவுக்குப் பக்கம்
ஒரு வட்டம் நானும் போட்டேன், கறுப்புப் பேனா.
"இங்கே சாயா நன்றாக இருக்கும்"
என்று தமிழில் எழுதினேன்.

கிசன் எட்டிப் பார்த்தான்.
"எனக்குக் கொடு, என் லீவுக்கு நானும் போய் வருகிறேன்."
"உனக்கு என்றைக்கு?"
"திங்கள்."
"வேண்டாம்," என்றேன்,
"மூடியிருக்கும்."