சாயும் தலை

பைசந்தூ நகரத்து அரசு மருத்துவமனையில்
எழுபத்து நான்காம் வருடம், ஜூலைக் குளிரில்,
நாற்பது நிமிடம் மின்சாரம் போனது.
மெழுகுவத்தி தேடிப் போன செவிலி
திரும்பி வந்து எந்தக் குழந்தையை எங்கே கிடத்தினாள்
என்று அவளுக்கே தெரியாது.
தொட்டில் பழக்கம் கடைசிவரை என்பார்கள்.
எங்களுக்குத் தொட்டிலே மாறிப்போனது.

முப்பத்தாறு வருடம் கழித்து
ஆய்வுக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது.
என் பெயரை அதில் பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள்:
சுல்மா.
அந்தப் பெயரும் அவளுக்கென்று தேடிவைத்ததுதான்.

அவள் இல்டா.
பேருந்து நிலையத்தில் சந்தித்தோம்.
நான் வளர்ந்திருக்க வேண்டிய வீட்டைப் பற்றிச் சொன்னாள்:
இறைச்சி ஆலைக்குப் பின்தெரு, தகரக் கூரை,
ஏழு பிள்ளைகளுக்கு ஒரு சைக்கிள்.
அவள் வளர்ந்திருக்க வேண்டிய வீட்டை
நான் பாதிதான் சொன்னேன்.
கொதிகலன் மெக்கானிக் வால்டெமாரின் ஒரே மகள் நான்
என்பதையும், எனக்கென்று தனி அறை இருந்ததையும்
எப்படிச் சொல்வது?

கூட வந்திருந்த அவள் அண்ணன் எல்பியோ,
இல்லை, என் அண்ணன்,
நிழலிலிருந்து வெயிலுக்கு வந்தான். மூன்று முறை தும்மினான்.
பின்னால் வந்த நானும் மூன்று முறை தும்மினேன்.
மூவரும் சிரித்தோம்.
வெயில் பட்டால் தும்முவது உனக்கு மட்டும் வந்த சீக்கு
என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள்.
அந்தத் தெருவில் அது
ஒரு குடும்பம் முழுக்க இருந்திருக்கிறது.

பிறகு ஆற்றங்கரையில் மாத்தே குடித்தோம்.
நான் பேசப் பேச
இல்டாவின் தலை மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது.
அப்பா!
வெந்நீர் கையில் கொட்டியது தெரியவில்லை.
அதே சாய்வு, அதே பக்கம்,
அவரை ஒருநாளும் பார்க்காதவளிடம்.
என் தலையும் சாயும்தான், ஆனால் வலப்பக்கம்.
நகல் என்பதால் திரும்பி விழுந்திருக்கிறது
என்று நினைத்துக்கொண்டேன்.
அவரை நான் இத்தனை நாள் இரவல் வாங்கியிருந்தேன்,
உரியவள் வந்துவிட்டாள்.

அன்றிரவு புகைப்படங்களைக் கொட்டித் தேடினேன்.
அறுபத்தொன்பது, திருமணம்: தலை நேராக இருக்கிறது.
எழுபத்து மூன்று, மீன்பிடித் திருவிழா: அப்போதும் நேர்தான்.
எழுபத்தேழில்தான் சாய்ந்திருக்கிறது.
நடுவில், எழுபத்தாறில்,
துறைமுகப் பட்டறையில் கொதிகலன் வெடித்தது.
இடது காது போயிற்று.
மிச்சமிருந்த காதை உயர்த்திக் கேட்கப் பழகினார்.
ஒரு வெடிச்சத்தம் எப்படி
ரத்தத்தில் பின்னோக்கி நடந்து
இரண்டு வயதுப் பிள்ளையைச் சேரும்?

தொலைபேசியில் கேட்டதும் இல்டா சிரித்தாள்.
“ஆறு வயதில் சீழ் வைத்தது, இடது காதில்.
டாக்டருக்கு எடுத்துவைத்த காசு
அந்த மாதம் சைக்கிள் டயருக்குப் போய்விட்டது.”

எனக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும்.
அவருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து
இருபது வருடம் சூப் குடித்தேன்.
எதிரே இருப்பவரைப் பார்த்துக் கற்றால்
கண்ணாடியில்போல
இடம் வலமாகத்தானே வரும்?

சொல்லிக்கொண்டிருந்தேன் இதையெல்லாம்,
கொஞ்சம் அதிகமாகவே,
ஒரு வழக்கில் ஜெயித்தவளைப் போல.
இல்டா வெகுநேரம் பேசவில்லை.
பிறகு கேட்டாள்:
“அவர் தும்மினால் எத்தனை தடவை தும்முவார்?
நான் எப்போதும் இரண்டு.”

இருபது வருடம், ஒரே மேசை.
அவர் ரொட்டியைப் பிய்க்கும் விதம் தெரியும்.
கடன்காரனிடம் பேசும் குரல் தெரியும்.
ஒன்றா, இரண்டா,
கைக்குட்டையை எந்தப் பையில் வைத்திருந்தார்
என்பது வரைக்கும் தேடிப் பார்த்தேன்.

தொலைபேசி காதில் சூடேறியது.
நினைவில் இல்லை என்றேன்.